சீசன் டிக்கெட்டும் மாநகரமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழாவில் சில சொற்கள் பேசவேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது நாம் பெரிதும் தயங்கினோம். பத்தாம் வகுப்போடு கல்வியை நிறுத்திக்கொண்டு இரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்தவர்கள் நாம். கற்றோர் நிறைந்த அவையில் எதைப் பேசுவது? "உங்களுக்குத் தெரிந்ததைப் பேசினால் போதும்" என்றார் அவர். நமக்குத் தெரிந்ததெல்லாம் டிக்கெட் கொடுக்கும் சாளரம் ஒன்றுதான். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அதன் பின்னே அமர்ந்து சீசன் டிக்கெட் வழங்கி வருகிறோம். இந்நாளில் கைபேசியிலேயே அதைப் பெற்றுக்கொள்ள வழி வந்துவிட்டது. எனினும் சாளரத்தின் முன் வரிசை நின்றபாடில்லை. அச்சாளரத்தின் வழியே ஒரு மாநகரம் வளர்வதைக் கண்டோம். ஆதலின், நகரங்கள் எவ்வாறு வளர்கின்றன, அவ்வளர்ச்சி நம் வாழ்வை எவ்வாறு வகுக்கிறது என்பதையே இன்று பேச எண்ணுகிறோம்.

முதலில் நம் முன்னோரை நினைவு கூர்வோம். சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரம் இரு பகுதிகளாக அமைந்திருந்தது. கடலை ஒட்டியது மருவூர்ப்பாக்கம். அங்கே வணிகரும் கைவினைஞரும் கடல் கடந்து வந்த யவனரும் வாழ்ந்தனர். உள்ளே அமைந்தது பட்டினப்பாக்கம். அங்கே அரசர் தெருவும் பெருங்குடி வணிகர் மாளிகைகளும் இருந்தன. இரண்டுக்கும் இடையே மரநிழலில் நாளங்காடி கூடிற்று. தொழில் ஓரிடம், வாழ்வு ஓரிடம், இரண்டும் கலக்கும் சந்தை நடுவில். எனினும் காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டவன் நடந்தே சென்று நடந்தே திரும்பும் தொலைவில் எல்லாம் அடங்கியிருந்திருக்கும். பழைய நகரங்கள் பலவற்றிற்கும் அளவு இதுவே. மனிதனின் கால்கள் ஒரு மணி நேரத்தில் எட்டும் தொலைவுதான் நகரத்தின் எல்லை.

நாம் நாள்தோறும் சென்று திரும்பும் மும்பையும் ஒரு காலத்தில் அவ்வாறே இருந்தது. பம்பாய் என்ற பெயர் மாறி மும்பை என்று அரசாங்கம் அறிவித்தது 1995இல்தான். ஊரின் கதையோ மிகப் பழையது. கடலிடையே கிடந்த ஏழு தீவுகளை 1661ஆம் ஆண்டுத் திருமண உடன்படிக்கையின் வழியாகப் போர்த்துகீசியர் ஆங்கிலேய மன்னருக்கு அளித்தனர். 1668இல் அவர் அவற்றை ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டார். தென்கோடியில் கோட்டையும் அதன் மதிலுக்குள் வாணிகமும் இருந்தன. மதிலுக்கு வெளியே வடக்கில் சந்தைகளும் நெருக்கமான தெருக்களும் பெருகின. 1784இல் ஹார்ன்பி வெல்லார்டு என்னும் அணை கடல்நீரைத் தடுத்தது. 1845இல் மாஹிம் பாலப்பாதை தீவினை வடக்கே சால்செட்டுடன் பிணைத்தது. சிறிது சிறிதாகத் தீவுகள் ஏழும் ஒன்றாயின. மூன்று பக்கமும் நீர் சூழ, வடக்கே மட்டும் வழி திறந்த நீண்டதொரு நாக்குப்போல் நிலம் அமைந்தது. மும்பையின் தலையெழுத்து அன்றே எழுதப்பட்டுவிட்டது எனலாம். வாணிகம் தென்கோடியில், வளர்வதற்கு இடமோ வடக்கில்.

1853 ஏப்ரல் 16ஆம் நாள் போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு, 34 கிலோமீட்டர் தொலைவுக்கு, இந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ஓடிற்று. அடுத்த ஆண்டு மே மாதத்திலேயே பாதை நம் கல்யாணை எட்டியது. கல்யாண் அதற்கு முன்னரே பெயர் பெற்ற ஊர்தான். யவன மாலுமியின் பழைய கடற்பயண நூலிலும் இத்துறைமுகம் இடம் பெற்றுள்ளது. துறைமுகமாயிருந்த ஊர் இருப்புப்பாதைகள் பிரியும் சந்திப்பாக மறுபிறவி எடுத்தது. நாம் அனைவரும் இன்று இங்கே கூடியிருப்பதற்கும் அந்தச் சந்திப்பே காரணம் அன்றோ?

இரயில் வந்ததும் பஞ்சு வந்தது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தமையால் அங்கிருந்து பஞ்சு கிடைக்காத இங்கிலாந்து நம் நாட்டுப் பஞ்சை நாடிற்று. பம்பாயில் பணம் குவிந்தது. கோட்டை மதில்களை இடித்து நகரத்தை விரித்தார்கள். 1850களில் தொடங்கிய பஞ்சாலைத் தொழில் பரேல், லால்பாக் பகுதிகளில் ஓங்கி வளர்ந்தது. ஆலையைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்புகள் எழுந்தன. நீண்ட நடைவழியை ஒட்டி ஓரறை வீடுகள் வரிசையாக அமைந்த அக்கட்டடங்களை 'சால்' என்பர். ஓர் அறையில் பத்துப்பேர் உறங்கிய காலமும் உண்டு. வசதி ஒன்றும் இல்லை. எனினும் ஆலைச் சங்கு ஊதியபின் படியிறங்கினால் வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

நெருக்கம் நோயைக் கொணர்ந்தது. 1896இல் பிளேக் நோய் மாண்ட்வியில் தோன்றி நகரெங்கும் பரவியது. மக்கள் ஊரை விட்டு ஓடினர். அரசாங்கம் விழித்துக்கொண்டு 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்டை நிறுவிற்று. கடற்காற்று உள்ளே வர வேண்டும் என்று நெருங்கிய தெருக்களை இடித்து அகலமான சாலைகளை அமைத்தார்கள். வீடிழந்த ஏழைகள் மேலும் நெருக்கமான இடங்களைத் தேடிச் சென்றனர் என்பதையும் மறைத்தல் தகாது. அதே டிரஸ்டு வடக்கே வயல்களாகக் கிடந்த தாதர், மாட்டுங்கா நிலங்களில் திட்டமிட்டுப் புதிய குடியிருப்புகளை வகுத்தது. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே வெளி, மரங்கள் நின்ற சாலைகள், பூங்காக்கள் எல்லாம் அமைந்தன.

அங்கேதான் நம்மவர் கதை தொடங்குகிறது. அலுவலகங்களில் எழுத்தராகவும் கணக்கராகவும் வேலை தேடித் தெற்கிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் மாட்டுங்காவில் குடியேறின. சமையலறையும் குளியலறையும் வீட்டுக்குள்ளேயே அமைந்த புது வகை வீடுகள் அவர்களின் வழக்கங்களுக்கு இசைந்தன. வேறொரு தமிழ்க் கூட்டம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தோல் பதனிடும் தொழிலாளர், நகரத்தின் விளிம்பிலிருந்த தாராவிச் சதுப்பில் குடிசை அமைத்தனர். ஒரே மொழி பேசுவோர்; இரண்டு இடங்களுக்கும் இடையே தொலைவும் அதிகமில்லை. ஆயினும் வருவாயும் சாதியும் வாழ்வை இரண்டாக வகுத்தன. நாட்டின் வேற்றுமைகளை நகரம் தானே அழித்துவிடும் என்று எண்ணுதல் பிழை. பல வேளைகளில் அவற்றை அது தெருத்தெருவாகப் பிரித்து வைக்கிறது. மேலும் ஒன்று காண்க. அன்று விளிம்பாயிருந்த தாராவி இன்று மாநகரத்தின் நடுவே விலைமதிப்பற்ற நிலமாகிவிட்டது. நேற்றைய எல்லை இன்றைய நடுவாகும்போது, அங்கே முதலில் குடியேறிய ஏழையின் நிலை கேள்விக்குறியாகிறது.

இனி நம் துறைக்கு வருவோம். 1925 பிப்ரவரி 3ஆம் நாள் விக்டோரியா முனையத்திலிருந்து குர்லாவுக்கு மின்சார இரயில் ஓடத் தொடங்கிற்று. 1874இல் குதிரைகள் இழுத்த டிராம் வண்டி பின்னர் மின்சாரத்தில் ஓடி 1964இல் ஓய்ந்தது. டிராம் முனையம் இருந்த இடத்தை மக்கள் இன்றும் 'தாதர் டிடி' என்றே குறிப்பிடுகின்றனர். காலால் நடந்தபோது கோட்டையும் சந்தையும் சேர்ந்ததே நகரம். டிராம் வந்தபின் தாதர் வரை நகரம். மின்சார இரயில் வந்தபின் தாணேயும் கல்யாணும் நகரம். மனிதனின் ஒரு மணி நேரம் எவ்வளவு தொலைவை எட்டுகிறதோ அவ்வளவுக்கு நகரம் விரிகிறது. இருப்புப்பாதை ஒரே கோடாக ஓடுவதால், இந்நகரம் வட்டமாக விரியாமல் இரு கோடுகளாக நீண்டது. கிழக்கு மேற்காகச் செல்வதற்கு நல்ல இரயில் வழி பன்னெடுங்காலம் அமையவில்லை. வெர்சோவாவையும் காட்கோபரையும் இணைக்கும் முதல் மெட்ரோ 2014இல்தான் வந்தது.

வீட்டு வாடகையும் இதற்குத் துணை செய்தது. போர்க்காலத்து விலையேற்றத்திலிருந்து குடியிருப்போரைக் காக்க 1947இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. நோக்கம் நல்லதே. ஆனால் வாடகை பழைய அளவிலேயே நின்றுவிட்டமையால் உரிமையாளர் பழுது பார்ப்பதை நிறுத்தினர். வாடகைக்குப் புது வீடு கட்டுவோர் குறைந்தனர். 'பக்டி' என்னும் பெருந்தொகை கொடுத்தால்தான் வீடு மாறலாம் என்னும் வழக்கம் நிலைத்தது. இருந்தவர் இருந்த இடத்தில் நிலைத்தனர். புதிதாக வந்தவர் வடக்கே போயினர். மக்கள்தொகைக் கணக்கு இதைத் தெளிவாகக் காட்டும். பெருநகர மும்பையில் 1951இல் ஏறத்தாழ 30 லட்சம் மக்கள். 2011இல் 1 கோடியே 24 லட்சம். ஆனால் பழைய தீவு நகரத்தில் 1981இல் 33 லட்சமாயிருந்தவர்கள் 2011இல் 31 லட்சமாகக் குறைந்தனர். அதே வேளையில் தாணே மாவட்டம் 2001இல் 81 லட்சம், 2011இல் 1 கோடியே 10 லட்சம் என்று பெருகிற்று. நடு மெலிகிறது, விளிம்பு பெருக்கிறது.

இப்புள்ளிகளை நாம் சாளரத்தின் முன்னே மனித முகங்களாகக் கண்டோம். பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தம் மகனுக்குச் சீசன் டிக்கெட் வாங்க வந்தபோது சொன்னார்: "எங்கள் அப்பா பரேலில் ஆலைத் தொழிலாளி. வாழ்நாளில் ஒரு சீசன் டிக்கெட்கூட வாங்கியதில்லை; நடந்தே போவார். நான் தாணேவிலிருந்து முப்பது ஆண்டு போய்வந்தேன். என் மகன் இப்போது பத்லாபூரிலிருந்து போகிறான்." பாட்டனாருக்குத் தொலைவே இல்லை, தந்தைக்கு 34 கிலோமீட்டர், மகனுக்கு 68 கிலோமீட்டர். மூன்று தலைமுறையில் அக்குடும்பம் முன்னேறியிருக்கிறது. ஓர் அறைக்குப் பதில் இரண்டு அறையும் கூடமும் கொண்ட சொந்த வீடு இருக்கிறது. ஆனால் அந்தக் கூடத்தில் அமர்வதற்கு மகனுக்கு நேரம் இல்லை.

நாம் எழுத்தராதலால் கணக்கிட்டுப் பார்க்கும் பழக்கம் விடுவதில்லை. கல்யாணிலிருந்து தென்கோடிக்கு 54 கிலோமீட்டர். விரைவு வண்டியானாலும் ஒரு மணிக்கு மேல் ஆகும். வீட்டிலிருந்து நிலையத்திற்கும், நிலையத்திலிருந்து அலுவலகத்திற்கும் செல்லும் நேரத்தைக் கூட்டினால் போக இரண்டு மணி, வர இரண்டு மணி. மாதம் 25 நாள் வேலை என்றால் மாதத்திற்கு 100 மணி நேரம்; ஆண்டுக்கு 1,200 மணி நேரம். அது முழுமையாக 50 இரவு பகல்! முப்பது ஆண்டு வேலை செய்தவர் தம் வாழ்நாளில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் வண்டியிலும் மேடையிலும் கழித்துவிடுகிறார். சீசன் டிக்கெட்டின் விலை மிகக் குறைவு என்று மகிழ்கிறோம். அதில் அச்சிடப்படாத விலை இது.

இந்நகரத்து மக்கள் அந்நேரத்தையும் வாழ்வாக்கிக்கொண்டனர் என்பதைச் சொல்லாவிட்டால் அது நன்றிகேடு. மூவர் அமரும் இருக்கையில் நான்காமவருக்கும் இடம் விடுவர். பெட்டிக்குள் பஜனைக் குழுக்கள் பாடும். பெண்கள் பெட்டியில் மாலை நேரத்தில் இரவுச் சமையலுக்குக் காய் நறுக்குவதையும் காணலாம். வீட்டு வேலையும் வெளி வேலையும் அவர்கள் தோளிலேயே விழுந்திருப்பதற்கு அது சான்று. வீடும் வேலையும் பிரிந்துபோனதால் பிறந்த தொழில்தான் டப்பாவாலாக்களின் தொழில். 1890இல் தொடங்கிய அவ்வழக்கம், மூடியில் தீட்டிய குறிகளைக்கொண்டே வீட்டுச் சோற்றைத் தவறாமல் அலுவலகத்திற்குக் கொண்டு சேர்க்கிறது.

ஆனால் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. 1982 ஜனவரியில் பஞ்சாலைத் தொழிலாளர் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது முறையாக முடிவு பெறாமலே ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1991இல் வந்த விதிகள் ஆலை நிலங்களில் வேறு கட்டடங்கள் எழ வழி திறந்தன. பரேலில் சங்கு ஓய்ந்த இடங்களில் கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. நடந்தே வந்த தொழிலாளர் போய், இரயிலில் வரும் அலுவலர் வந்தனர். நிலத்தின் பயன் மாறியது. நிலையத்தின் குறுகிய நடைபாலமோ மாறவில்லை. 2017 செப்டம்பர் 29ஆம் நாள் காலை மழைக்கு ஒதுங்கிய கூட்டம் எல்பின்ஸ்டன் ரோடு நிலையப் பாலத்தில் நெருக்குண்டு 23 உயிர்களை இழந்தோம். மழையும் வதந்தியும் அன்றைய காரணங்கள். ஆயின் ஆண்டுக்கணக்காகக் குவிந்த காரணம் வேறு. ஊர் மாறும்போது வழியும் மாற வேண்டும் என்பதை நினையாதது அது. 2025 ஜூன் 9ஆம் நாள் நம் பாதையிலேயே, மும்ப்ரா வளைவில், வாயிற்படியில் தொங்கிச் சென்றோர் விழுந்து மடிந்ததை இவ்வவையில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அவர்கள் பொறுப்பற்றவர்கள் அல்லர். உள்ளே இடமின்றி, வேலைக்கு நேரமாகிவிட்டதே என்று ஏறியவர்கள்.

இதற்கு மாற்று எவரும் எண்ணவில்லையா? எண்ணினார்கள். 1960களில் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, சிரீஷ் படேல் ஆகிய மூவர் வளைகுடாவின் கிழக்குக் கரையில் புது நகரம் ஒன்று வேண்டும் என்று எடுத்துரைத்தனர். வடக்கு தெற்காக ஓடும் நெருக்கத்தைக் கிழக்கே திருப்புவது அவர்கள் நோக்கம். 1970இல் சிட்கோ நிறுவனம் தோன்றி நவி மும்பை எழுந்தது. நல்ல சாலைகளும் வீடுகளும் அமைந்தன. ஆனால் அரசாங்கத் தலைமை அலுவலகம் அங்கே போகவில்லை. மாறாகத் தென்கோடியில் கடலைத் தூர்த்து நாரிமன் பாயிண்டில் மேலும் அலுவலகங்களைக் கட்டினார்கள். வாஷிக்கு இரயில் வந்ததும் 1992இல்தான். வீடு போயிற்று, வேலை போகவில்லை. ஆகவே மக்கள் இன்னும் நீண்ட தொலைவு பயணம் செய்தனர். பிற்காலத்தில் அங்கும் தொழில்கள் பெருகின. எனினும் கற்கவேண்டிய பாடம் அப்படியே இருக்கிறது. வீட்டை மட்டும் நகர்த்தினால் நகரம் பிரியாது; வேலையையும் நகர்த்த வேண்டும்.

அன்பர்களே! இனி நம் குடியிருப்பைப் பற்றிச் சில சொற்கள். நம் சங்கத்தின் தமிழ் வகுப்பு முன்பு வார நாட்களில் மாலை ஆறரை மணிக்கு நடந்தது. கற்பிக்க முன்வந்த தந்தையரும் தாயரும் வீடு திரும்ப எட்டரையும் ஒன்பதும் ஆகத் தொடங்கியபின், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரமாக அது சுருங்கிவிட்டது. நம் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறோம். நம் இளைய மகன் பள்ளியில் 'என் தந்தை' என்று கட்டுரை எழுதினான். "அப்பா இருட்டில் போவார், இருட்டில் வருவார்" என்பது அதன் முதல் வரி. ஆசிரியை பிழையொன்றும் இல்லை என்று குறித்திருந்தார். பிழை எங்கே என்று அன்றிரவு நமக்கு விளங்கிற்று.

குவார்ட்டர்ஸில் இருக்கும்வரை நாம் அக்கம்பக்கமாக வாழ்கிறோம். ஓய்வு பெற்ற மறுநாள் முதல் வீட்டைக் காலி செய்யும் கவலை தொடங்குகிறது. ஒருவர் டிட்வாலாவில் வாங்குகிறார், ஒருவர் பத்லாபூரில், ஒருவர் கர்ஜத்துக்கே போகிறார். பத்தாண்டில் சங்கத்தின் பெயர்ப்பட்டியலே இருப்புப்பாதையின் கால அட்டவணை போலாகிவிடும். ஆகவே மூன்று வேண்டுகோள்களைப் பணிவுடன் முன்வைக்கிறோம்.

முதலாவது, ஓய்வு பெறும் நாளை எதிர்நோக்கும் குடும்பங்கள் தனித்தனியே வீடு தேடாமல், சங்கத்தின் வழியே கலந்து பேசி ஒரே நிலையத்தைச் சுற்றித் தேடட்டும். வீட்டில் ஓர் அறை குறைந்தாலும் பிள்ளைகளின் பயணத்தில் அரை மணி குறையட்டும். இரண்டாவது, நாள்தோறும் தெற்கே செல்லாத பெரியோர்கள், ஓய்வு பெற்றவர்கள், வார நாட்களில் மாலை வகுப்பை மீண்டும் ஏற்று நடத்த முன்வரட்டும். தந்தைக்கு நேரமில்லை என்பதற்காகக் குழந்தையின் தமிழ் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்றாவது, வண்டியில் இடமில்லையெனில் அடுத்த வண்டிக்கு நில்லுங்கள். அலுவலகத்தில் அரை நாள் விடுப்புப் போனால் போகட்டும். இதை இரயில்வே ஊழியராக மட்டும் சொல்லவில்லை. ஒவ்வொரு மாலையும் மேடையில் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் மனிதராகவும் சொல்கிறோம்.

நகரத்தை வேறு யாரோ வளர்க்கவில்லை. வேலை தேடி வந்த நாமே அதை வளர்த்தோம். வாடகைக்கு அஞ்சி ஒவ்வொரு நிலையமாக வடக்கே நகர்ந்த நாமே அதன் எல்லையை வரைந்தோம். ஆதலால், அது எவ்வாறு அமைய வேண்டும் என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. வார்டுக் கூட்டமானாலும் தேர்தல் மேடையானாலும், "வீடு எங்கே கட்டுகிறீர்கள்?" என்பதோடு நிறுத்தாமல், "வேலையை எங்கே வைக்கிறீர்கள்?" என்றும் கேட்போமாக.

 நேரத்தைப் பற்றிப் பேசிவிட்டு உங்கள் நேரத்தை மேலும் எடுத்துக்கொள்வது முறையன்று. குழந்தைகளின் நாடகம் காத்திருக்கிறது. இன்று ஞாயிற்றுக்கிழமையாதலால் தந்தையர் அனைவரும் வெளிச்சத்திலேயே வந்து அமர்ந்திருக்கின்றனர். அதைக் கண்டு மகிழ்ந்து இவ்வுரையை முடிக்கிறோம்.